“இனி என் விதிப்படிதான்” என்று சொன்னேன், அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார்

37 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் வரைபடம் தயாரிப்பவர், அந்த வேலையை நேசித்துச் செய்தவர். எட்டு மாதத்துக்கு முன் மேனேஜர் பதவி வந்தது. அப்பா, அம்மா, கணவர் எல்லோருக்கும் பெருமை, அதனால் ஏற்றுக்கொண்டார். அதன்பின் வரைபடத்தைத் தொடவே இல்லை. மீட்டிங், விடுப்புக் கணக்கு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று நாள் போகிறது. தங்கைக்கு வார இறுதியில் வேலை என்பதால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தங்கையின் பிள்ளைகள் இருவரும் இவர் பொறுப்பு. அம்மாவோடு தினமும் இரவு ஒரு மணி நேரம் போன். வீட்டில் இவருக்கு ‘எதற்கும் முகம் சுளிக்காதவள்’ என்று பெயர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது விதிகளை எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். “இனி இரவு எட்டு மணிக்கு மேல் யார் போனையும் எடுக்க மாட்டேன்”, “இனி ஞாயிறு எனக்கு மட்டும்”, “இனி யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன்”, “என் முடிவைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக் கூடாது” என்ற போக்கில் ஒன்பது. அன்றிலிருந்து அம்மா பேசவில்லை. “இத்தனை நாள் என் பிள்ளைகளைப் பாரமாகவா நினைத்தாய்?” என்று தங்கை கேட்டிருக்கிறார். கணவர், “இதெல்லாம் உனக்குப் பிடிக்கவில்லை என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்” என்றாராம். ஐந்து வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

அவர் கேட்பது இவை: நான் செய்தது தன்னலமா? மன்னிப்புக் கேட்டுப் பழையபடி ஆகிவிடலாமா, அல்லது எல்லோரையும் விட்டு விலகிவிடலாமா? பதவியை விட்டுவிட ஆசை, ஆனால் நாலு பேர் சிரிப்பார்களே?

அன்புள்ள தோழிக்கு,

முதலில் உங்கள் முதல் கேள்வி. நீங்கள் செய்தது தன்னலம் இல்லை. களைத்துப்போன ஒருவர் கடைசியில் வாய் திறந்திருக்கிறார், அவ்வளவுதான். சொன்ன முறையில் சில சிக்கல்கள் உண்டு, அவற்றுக்கு வருகிறேன். ஆனால் உங்கள் நேரத்திலும் உழைப்பிலும் உங்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டதற்காக நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

அடுத்ததாகச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கலாம். உங்கள் ஒன்பது விதிகளையும் பலமுறை படித்தேன். அவற்றில் ஒன்றுகூட நீங்கள் எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்று சொல்லவில்லை. எல்லாமே எதைச் செய்ய மாட்டீர்கள், அல்லது மற்றவர்கள் எதைச் செய்யக் கூடாது என்பவை. ஞாயிறு உங்களுக்கு மட்டும் என்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வீர்கள் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. வரைபடத்தை எவ்வளவு தேடுகிறீர்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விதிகளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இது உங்கள் குறை இல்லை, மனித மனம் இப்படித்தான் வேலை செய்கிறது. நம் சுதந்திரம் பறிபோகிறது என்று தோன்றும்போது அதை மீட்கும் வேகத்தில் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்யத் தூண்டப்படுகிறோம் என்பதை ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் ஒரு கோட்பாடாகவே விளக்கினார். வடக்கே போ என்று சொன்னதால் வடக்கே போகிறவரும், அப்படிச் சொன்னதற்காகவே தெற்கே போகிறவரும் ஒரே ஆளிடம்தான் வழி கேட்கிறார்கள். நேற்றுவரை அம்மாவின் விருப்பத்துக்காக போனை எடுத்தீர்கள், இன்று அதே விருப்பத்தை எதிர்ப்பதற்காக எடுக்காமல் இருக்கிறீர்கள். இரண்டு நாளும் உங்கள் இரவைத் தீர்மானித்தது அம்மாதான்.

சொந்த விதிப்படி வாழ்வது என்றால் யாரும் தேவைப்படாமல் வாழ்வது என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. மனிதரை எது செயல்பட வைக்கிறது என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் தன்னாட்சியையும் தனித்திருப்பதையும் வேறு வேறாகவே பார்க்கிறார்கள். ஒரு செயலை முழு மனதோடு, ‘இது எனக்குச் சரி’ என்று ஒப்புக்கொண்டு செய்தால் அது தன்னாட்சி. அதே செயலைச் செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்னுமே என்று பயந்து செய்தால், பக்கத்தில் யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அது கட்டாயம்தான். பிறரோடு நெருக்கம் என்பதையும் மனிதரின் அடிப்படைத் தேவைகளில் ஒன்றாகவே அவர்கள் வைக்கிறார்கள். ஆகவே தங்கையின் பிள்ளைகளை ஆசையோடு வைத்துக்கொள்வதும் உங்கள் சொந்த விதியாக இருக்க முடியும். அந்தச் சின்னவள் உங்கள் பென்சில்களை எடுத்து வீடு வீடாக வரைவதைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் உங்கள் கடிதத்தின் குரலே மாறுகிறது. அதை நீங்களே ஒரு முறை திரும்பப் படித்துப் பாருங்கள்.

உங்கள் கணவர் சொன்ன அந்த வாக்கியம்

அது உங்களைக் காயப்படுத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். “பன்னிரண்டு வருடம் கூடவே இருந்துவிட்டு இதுகூடத் தெரியாதா?” என்ற கோபம் நியாயமானதுதான். கவனிக்க வேண்டிய பொறுப்பு அவருக்கும் உண்டு. ஆனாலும் இந்த விவகாரத்தில் உங்களுக்குக் கிடைத்த தகவல்களிலேயே மிகவும் பயனுள்ளது அதுதான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருடம் எல்லாவற்றுக்கும் “சரி” சொன்னீர்கள். முகமும் சுளிக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு, மனம் ஒப்பிச் சொல்லும் சரிக்கும் பல்லைக் கடித்துச் சொல்லும் சரிக்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லாமல் போய்விட்டது.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்களை அழுத்தும் எதிர்பார்ப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: வாய்விட்டுக் கேட்டார்கள், கேட்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன், எனக்கு நானே விதித்துக்கொண்டேன். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்தத் தாள் அதிர்ச்சியாக இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் நிரம்பி வழியும். உங்கள் கடிதத்திலேயே பாருங்கள்: தினமும் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று அம்மா கேட்டதாக எங்கும் இல்லை. “அம்மா கேட்டதில்லை, ஆனால் சீக்கிரம் வைத்தால் மனசு வருத்தப்படும்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அம்மாவே அரை மணியில் களைத்துப்போய், நீங்கள் பேச ஆசைப்படுகிறீர்கள் என்று நினைத்து நீட்டிக்கொண்டும் இருந்திருக்கலாம். கேட்காதவரை இருவருக்கும் தெரியாது.

பிறர் முகத்தைப் படித்து, அவர்கள் கேட்கும் முன்பே கொடுத்துவிடும் பழக்கம் பெரும்பாலும் சிறுவயதில் வருவது. சமர்த்தாக இருந்தால்தான் அன்பு கிடைக்கும் என்று ஒரு குழந்தை புரிந்துகொண்டால், அந்த நிபந்தனைகளைத் தன்னுடையவை என்றே நம்பி வளர்கிறது. கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பழக்கத்தை இழிவாக நினைக்காதீர்கள். சின்ன வயதில் அது உங்களைக் காப்பாற்றியிருக்கும். அலுவலகத்தில் இன்று உங்களை எல்லோரும் நம்புவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வேண்டும்போது அதை நிறுத்திவைக்கப் பழகினால் போதும்.

எதிர்பார்ப்பு வேறு, கொடுத்த வாக்கு வேறு

இங்கே உங்களை மெல்லத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒருவர் உங்களிடம் எதிர்பார்க்கிறார் என்பதாலேயே நீங்கள் கடன்பட்டவர் ஆகிவிடுவதில்லை. மறுக்கலாம், காரணம் சொல்லாமலும் மறுக்கலாம். ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட விஷயம் அப்படி அல்ல. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்கள். அதை நம்பி உங்கள் தங்கை வார இறுதி வேலையை எடுத்தார். அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே வர உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனால் சனிக்கிழமை இரவு சொல்லி ஞாயிறு காலை வெளியே வருவது நியாயமில்லை. தங்கையின் கோபத்தில் பாதிக்கு மேல் இதனால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறு அல்லது எட்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். மாதத்தில் எந்த நாட்கள் மனம் ஒப்பித் தர முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் தனியாக, அவர்களுக்குப் புரிகிற மாதிரி, “உங்க மேல கோபம் இல்ல” என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. “எட்டு மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டேன்” என்பதை நீங்கள் நிறைவேற்ற முடியும், அது உங்கள் கையில் இருக்கிறது. “யாரும் கருத்துச் சொல்லக் கூடாது” என்பது பிறர் வாய்க்கு நீங்கள் போடும் சட்டம். அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள், ஒவ்வொரு முறையும் நீங்கள் தோற்றதாக உணர்வீர்கள். அதை, “கருத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், முடிவை நான் எடுப்பேன்” என்று மாற்றிப் பாருங்கள். உங்கள் ஒன்பதில் இப்படி மாற்ற வேண்டியவை நான்கு இருக்கின்றன. “விளக்கம் சொல்ல மாட்டேன்” என்பதையும் கணவர் விஷயத்தில் தளர்த்துங்கள். தூரத்து உறவுக்கு விளக்கம் தேவையில்லை. உங்களோடு வீட்டையும் வருமானத்தையும் பகிர்கிறவருக்குத் தேவை.

பழையபடி ஆவதா, விலகிவிடுவதா?

இரண்டும் வேண்டாம் என்பேன். பழையபடி ஆனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்: சில மாதம் கழித்து இதைவிடப் பெரிதாக வெடிப்பீர்கள். அதோடு நடத்தை ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் கிடைத்துவந்த ஒன்று திடீரென நின்றால், அதைக் கேட்கும் வேகம் முதலில் கூடலாம், அப்புறம்தான் குறையும். அந்த உச்சத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்தால், ‘போதுமான அளவு அழுத்தினால் கிடைக்கும்’ என்ற பாடம் எல்லோர் மனதிலும் பதிந்துவிடும், அவர்கள் அப்படித் திட்டமிடாவிட்டாலும். சில நேரம் மட்டும் பலன் தரும் நடத்தை, எப்போதும் பலன் தருவதைவிட அழியாமல் நிற்கும். அதனால்தான் ஒன்பது விதிகளை ஒன்றாக அறிவிப்பதைவிட, உடையாமல் காக்கக்கூடிய ஒன்றிரண்டோடு தொடங்குவது நல்லது.

விலகிப்போவதைப் பற்றி: குடும்பங்களை நீண்டகாலம் ஆராய்ந்த மனநல மருத்துவர் மர்ரி போவன், உறவைத் துண்டிப்பதால் அதன் பிடி தளர்வதில்லை என்று கருதினார். தொடர்பை அறுத்துக்கொண்டவர் பல நேரம் அதே பழக்கத்தை அடுத்த உறவுக்கு எடுத்துப் போகிறார். உங்களை எடுத்துக்கொண்டால், அம்மாவிடம் சொல்ல முடியாத “இல்லை” புதிய ஊரில் புதிய தோழியிடமும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். தொடர்பில் இருந்துகொண்டே, அவர்கள் கோபத்தைத் தாங்கிக்கொண்டே, நம் நிலையில் நிற்பதைத்தான் அவர் வளர்ச்சி என்றார். கடினம்தான், ஆனால் பழகப் பழக வரும்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். மறுப்புச் சொன்னால் அடி விழும், மிரட்டல் வரும், வெளியே விட மாட்டார்கள், பணத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற வீடுகள் உண்டு. அங்கே இந்த ஆலோசனை எதுவும் பொருந்தாது. முதலில் பாதுகாப்பு, உதவி, தேவைப்பட்டால் விலகல். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. அம்மாவின் மௌனம் தண்டனையாக இருக்கலாம், வெறும் காயமாகவும் இருக்கலாம். குரூப்பில் எல்லோர் முன்னாலும் படித்த ஒரு தாய்க்குக் காயம்பட்டிருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அவரிடம் நேரில் போங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியதற்கு மட்டும் கேளுங்கள். இப்படிச் சொல்லலாம்: “அம்மா, அன்னைக்கு குரூப்ல போட்டது தப்பு. உன்கிட்ட நேர்ல சொல்லியிருக்கணும். ஆனா நான் ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன், அது உண்மை. தினமும் ராத்திரி பேச என்னால முடியல. திங்களும் வியாழனும் அரை மணி நேரம் பேசலாம். அப்போ வேற வேலை எதுவும் பார்க்க மாட்டேன்.” அவர் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்ட பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்காதீர்கள். வீட்டார் முதலில் புரிந்துகொண்டு வாழ்த்தி அனுப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. இந்த முறை எதிர்பார்ப்பவர் நீங்கள். அவர்களுக்கு வருத்தப்படும் உரிமை உண்டு.

அரை மணியில் போனை வைத்ததும் உங்களைக் குற்ற உணர்ச்சி பிடித்துக்கொள்ளும். ‘மனம் உறுத்துகிறதே, அப்படியென்றால் தவறுதான் செய்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுத்தல் ஏதோ ஒரு விதியை மீறினீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. அது யார் எழுதிய விதி, இன்றும் நீங்கள் ஒப்புக்கொள்ளும் விதியா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். தங்கைக்கு அவகாசம் கொடுக்காததில் வந்த உறுத்தல் சரியானது, அதைக் கேளுங்கள். போனை அரை மணியில் வைத்ததில் வரும் உறுத்தல் பழைய பழக்கத்தின் குரல். அது இருக்கும்போதே தூங்கப் போங்கள்.

சிரிக்கப்போகும் அந்த நாலு பேர்

அவர்கள் பெயரை எழுதுங்கள், உண்மையான பெயர்களை. பலருக்கு இரண்டு பெயருக்கு மேல் வருவதில்லை. டாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். சங்கடமான படம் போட்ட டி-சர்ட்டை அணிவித்து மாணவர்களை மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கு அளவுதான். நீங்கள் பதவியிலிருந்து இறங்கினால் அலுவலகத்தில் கொஞ்ச நாள் பேசுவார்கள், அப்புறம் அவரவர் கவலைக்குப் போய்விடுவார்கள். இந்த ஆறுதல் வீட்டுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கவனிப்பார், வருந்துவார், பல நாள் வருந்துவார். அதைத் தாங்கிக்கொள்ள ஒரு துணை வேண்டும்.

சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கோடுகளின் நீளத்தைச் சொல்ல வேண்டும். அறையில் மற்ற எல்லோரும், முன்கூட்டிப் பேசிவைத்தபடி, தவறான விடையைச் சொல்வார்கள். கண்ணெதிரே சரியான விடை இருந்தும், பங்கேற்றவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். ஆனால் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், பணிந்துபோவது வெகுவாகக் குறைந்தது. உங்களுக்கு அந்த ஒருவர் உங்கள் கணவராக இருக்க முடியும் என்று நம்புகிறேன். அவர் எதிர்க்கவில்லை, தெரியாது என்றுதான் சொன்னார். அவரிடம் அந்த மூன்று குறி போட்ட தாளைக் காட்டுங்கள்.

பதவியைப் பற்றி

இதில் அவசரப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். ராஜினாமா கடிதத்தை இப்போதைக்கு எழுதாதீர்கள். தூக்கமில்லாத மனநிலையில் எடுக்கிற பெரிய முடிவு பிற்பாடு வேறு மாதிரித் தெரியும். முதலில் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து, பழைய பொறுப்புக்குத் திரும்ப வழி உண்டா, சம்பளமும் சலுகைகளும் எப்படி மாறும் என்று பாருங்கள். ஆளைக் கொண்டு வேலை வாங்குவது பிடிக்கவில்லையா, அல்லது வரைபடம் இல்லாததுதான் வலிக்கிறதா என்பதையும் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால், பதவியில் இருந்துகொண்டே வாரத்தில் சில மணி நேரம் வரைபடப் பணியைக் கேட்கலாம். மூத்த வரைபட நிபுணர் போல, ஆளுகிற பொறுப்பு இல்லாமல் உயரும் வழி உங்கள் நிறுவனத்தில் உண்டா என்றும் விசாரிக்கலாம். வருமானம் குறைந்தால் வீட்டில் எது பாதிக்கும் என்ற கணக்கைக் கணவரோடு உட்கார்ந்து போட்டுவிட்டு மேலதிகாரியிடம் பேசுங்கள். பேசி முடிவானதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பினால் இனி உயர்வே வராமல் போகலாம் என்பது ஓர் உண்மையான ஆபத்து. அதைத் தெரிந்தே ஏற்கிறேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அது உங்கள் முடிவு.

கடைசியாக, தூக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, அதோடு எதிலும் நாட்டமின்மை, பசியில் மாற்றம், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் பெரும்பாலான நாட்களில் இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. அம்மாவிடமும் மேலதிகாரியிடமும் பேசுவதற்கு முன் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அன்றே கணவரிடம் சொல்லி, அவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.